நாளை என்று தள்ளாத நற்றமிழ்ப் பெரியார்

உயிரை வினையோடு பிணிக்கும் காரணங்கள் ஐந்து என்று தத்துவார்த்த சூத்திரம் வகுத்துரைக்கின்றது. மித்தியாதரிசனம், அவிரதி, பிரமாதம், கஷாயம், யோகம் என்பன அவை. இவற்றுள் நடுவண் நிற்கும் பிரமாதத்தைப் பற்றி நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பேச்சு வழக்கில் அச்சொல் பாராட்டைக் குறிப்பதாகவே மாறிவிட்டது. ஆகமப் பொருளிலோ, செய்யத்தக்க நற்செயலின்கண் உள்ளம் ஊன்றாது சோர்ந்து நிற்றலை அது குறிக்கும். குணஸ்தானங்கள் பதினான்கனுள் ஆறாவது பிரமத்த விரதம் எனவும், ஏழாவது அப்பிரமத்த விரதம் எனவும் பெயர் பெறும். மாவிரதங்களை மேற்கொண்ட முனிவரும் இச்சோர்வைக் கடந்த பின்னரே மேற்படியில் கால் வைக்கின்றனர் எனின், இல்லறத்தாராகிய நம் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

நம் அன்றாட வாழ்வில் இச்சோர்வு குற்றமாகத் தோன்றுவதில்லை. தக்க காரணங்களைத் துணையாகக் கொண்டே அது வருகின்றது. திண்டிவனம், வந்தவாசி, செய்யாறு, ஆரணி வட்டாரத்து ஊர்களிலிருந்து பணியின் பொருட்டுப் பெயர்ந்து, தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் முதலிய தென்சென்னைப் புறநகர்களில் குடியமர்ந்த நம் குடும்பங்கள் பல. விடியலில் எழுந்து மின்தொடர்வண்டியைப் பிடித்து, இருட்டிய பின் இல்லம் திரும்புவோரின் ஸ்வாத்தியாயம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளப்படுகின்றது. ஞாயிறு வந்தால் தசலக்ஷண பருவத்துக்கும், பருவம் வந்தால் பணி ஓய்வு பெற்ற பிறகு என்றும் அது நகர்ந்துகொண்டே போகின்றது. ஊரிலுள்ள பழைய வீட்டின் பரணில் பாட்டனார் விட்டுச் சென்ற ஏட்டுக்கட்டு, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்னும் எண்ணத்தால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கின்றது. திருக்குறள் மடியின்மை என்னும் அதிகாரத்தில், கேட்டினைத் தருவன நான்கனுள் முதலாவதாக வைத்து எண்ணப்படுவது இந்த நெடுநீர்மையே.

இதனை நாள்தோறும் வென்று காட்டிய பெரியார் ஒருவரின் வாழ்க்கையை இவ்விதழில் காண்போம். அவர் பிறப்பால் சமணர் அல்லர். எனினும் திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் முழுமையாக முதன்முதலில் அச்சேற்றி உலகுக்கு அளித்தவர் அவரே. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் என்னும் அப்பெருமகனாருக்குச் சமணர்களாகிய நாம் பட்டுள்ள கடன் பெரிது.

இளமையும் கல்வியும்

ஐயர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். அக்காலத் தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம் அவர்தம் ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசையிலும் கதை சொல்வதிலும் வல்லவர், செல்வம் இல்லாதவர். மகனுக்குத் தமிழ் சொல்லித்தரும் ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்று கேள்வியுற்றாரோ அங்கே குடும்பத்தோடு பெயர்ந்து செல்வது அவர் வழக்கமாயிற்று. அரியலூர், குன்னம், கார்குடி எனப் பல ஊர்களில் அலைந்து சிறுகச் சிறுகக் கற்றார் இளைஞர் சாமிநாதர்.

1871இல், மாயூரத்தில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மறையும் வரை அவரைப் பிரியாது உடனிருந்து பயின்றார். தல புராணங்கள், அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள் என அவர் கற்ற நூல்களுக்குக் கணக்கில்லை. ஆசிரியர் மறைந்த பின் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் தங்கிக் கற்றும் கற்பித்தும் வந்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்கு ஐயரையே தெரிந்தெடுத்து அமர்த்தினார். இருபத்தைந்து வயதில் நிலையான ஊதியமும் மதிப்பும் வாய்த்தன. இதற்கு மேல் ஒன்றும் தேடாது வாழ்நாளைக் கழித்திருப்பினும் அவரைக் குறை கூறுவார் எவரும் இரார்.

ஒரு கேள்வி

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைக் காண ஐயர் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறார் என்று முதலியார் வினவ, ஐயர் தாம் கற்றவற்றை அடுக்கிக்கொண்டே போனார். முதலியாரின் முகத்தில் மலர்ச்சி தோன்றவில்லை. இவற்றைக் கற்றதனால் ஆன பயன் என்ன என்பதுபோல் கேட்டுவிட்டுச் சிந்தாமணியையும் மணிமேகலையையும் சிலப்பதிகாரத்தையும் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அவற்றைக் கண்டதும் இல்லை.

கற்றவர் ஒருவருக்கு இத்தகைய வினா மனத்தில் தைக்கக்கூடியது. வேலை கிடைத்த புதிது, குடும்பக் கடன் வேறு, கல்லூரிப் பாடங்களுக்கு ஆயத்தம் செய்ய வேண்டும் என்று ஒதுக்கிவைக்கக் காரணங்கள் பல இருந்தன. ஐயர் அவற்றை நாடவில்லை. நூல் கிடைத்தால் படித்துவிடலாம் என்று கூறினார். முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். ஐயரும் உடனே அதைப் படிக்கத் தொடங்கினார். தெரியாது என்று ஒப்புக்கொண்டதற்கும் கற்கத் தொடங்கியதற்கும் இடையே காலத்தை நுழையவிடாமையே அவர் பெற்ற முதல் வெற்றி என்று நாம் கருதுகிறோம்.

சமணர் இல்லத்தில்

படிக்கத் தொடங்கியதும் திகைப்புத்தான் மிஞ்சிற்று. பல்லாயிரம் பாடல்களைக் கற்றிருந்த ஐயருக்குச் சிந்தாமணியின் சொற்களும் கருத்துகளும் புதியனவாக இருந்தன. ஜைன சமயத்துக்கே உரிய சொற்களுக்கு நிகண்டுகளில் பொருள் தேடி அவர் சலித்தார். நூலைப் பற்றி அறிந்த சைவப் புலவர்கள் அருகில் இல்லை. தமக்குத் தோன்றியபடி பொருள் கொண்டால் பிழையாகிவிடும் என்பதையும் அவர் உணர்ந்தார்.

கும்பகோணத்தில் சமணர் வாழும் தெரு இருந்தது. சந்திரநாத செட்டியார் என்னும் சமண அன்பர் ஐயரைத் தம்மவர் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். அவர்கள் சென்ற குணபால செட்டியாரின் வீட்டு வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. என்ன விழா என்று கேட்டபோது, பல மாதங்களாகத் தொடர்ந்து நடந்துவந்த சிந்தாமணிப் படனம் அன்று நிறைவு எய்தியதாகக் கூறினர். எங்கும் தேடிக் காணாத விளக்கம் தம் ஊரில், சில தெருக்கள் தள்ளி, ஒரு வீட்டுக் கூடத்தில் நாள்தோறும் சொல்லப்பட்டு வந்ததை ஐயர் அன்றுதான் அறிந்தார்.

அன்றிலிருந்து அவர் அவ்வீட்டுக்கு அடிக்கடி செல்லலானார். வீடூர் அப்பாசாமி நயினார் முதலிய கற்றறிந்த சமணர்களிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். கல்லூரி ஆசிரியர் ஒருவர் பிற சமயத்தவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மாணவர்போல் பாடம் கேட்பதை அக்காலத்தில் எளிதாக எண்ணியிருக்க மாட்டார்கள். நாணத்தாலோ தற்பெருமையாலோ ஐயர் அதைத் தள்ளிப்போடவில்லை. சமண நூல்கள் பலவற்றையும் அவர் கற்றார். சீவ தத்துவம், கதிகள், வினைகளின் வகை முதலியவற்றை அவர் கேட்கும் நுட்பத்தைக் கண்டு, வீடுபேற்றுக்கு உரிய பக்குவம் வாய்ந்த பவ்விய ஜீவன் என்றே நம்மவர் அவரை மதித்தனர்.

நாம் வேலைகளை ஒத்திவைப்பதற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று. கேட்டால் நம் அறியாமை வெளிப்பட்டுவிடுமோ என்னும் கூச்சமும் பெரியதொரு காரணம். பாடத்தில் ஐயம் எழுந்த மாணவர் ஆசிரியரை அணுகாது நாளைக் கடத்துவதும், பிரதிக்கிரமணத்தின் பொருளை அறியாத நாம் பெரியோரைக் கேளாது முதுமை எய்துவதும் இதனால்தான். ஐயர் கூச்சத்தை விலக்கிய அன்றே பாதி வேலை முடிந்தது எனலாம்.

ஏழு ஆண்டுகளின் உழைப்பு

1880இல் கையேற்ற சிந்தாமணி 1887இல்தான் அச்சாகி நிறைவெய்தியது. இந்த ஏழாண்டும் தாமதம் ஆகாதோ என்று அன்பர்கள் கேட்கக்கூடும். இங்கே ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாக உணர வேண்டும். தாமதம் நாளை வெறுமையாக விடும். பொறுமையோ ஒவ்வொரு நாளையும் நிரப்பும். ஐயருடைய ஏழாண்டில் வெறுமையான நாட்கள் அரிது.

பனையோலைச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு தோன்றாது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடையாளம் இல்லாது யாவும் ஒரே ஓட்டமாக எழுதப்பட்டிருக்கும். ஓரங்கள் செல்லரித்தும் ஒடிந்தும் போயிருக்கும். பெயர்த்தெழுதியோர் செய்த பிழைகள் தலைமுறைதோறும் பெருகியிருக்கும். சிந்தாமணியோ பதின்மூன்று இலம்பகங்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களை உடையது. 1868இல் பவர் துரை என்னும் பாதிரியார் நாமகள் இலம்பகத்தை மட்டும் பதிப்பித்திருந்தார். எஞ்சியவை ஏட்டிலேயே உறங்கின.

ஐயர் ஊர் ஊராகச் சென்றும் கடிதம் எழுதியும் பிரதிகளைத் தேடினார். பிற சமயத்தவர் கையில் கொடுப்பதா என்று தயங்கிய சமண அன்பர்களும் இருந்தனர். அவர் ஆர்வத்தை உணர்ந்த பின் அத்தயக்கம் நீங்கிற்று. ஒருவர் ஏட்டைப் படிக்க மற்றவர் வேறொரு பிரதியோடு ஒப்பிட, வேறுபட்ட பாடங்கள் குறிக்கப்பட்டன. சொற்களுக்கும் மேற்கோள்களுக்கும் அகராதி வரிசையில் குறிப்புகள் எழுதப்பட்டன. பகலில் கல்லூரி, காலையும் மாலையும் இரவும் ஏடு. இன்று எத்தனை செய்யுள் முடிந்தது என்பதே அவருக்கு அளவுகோலாக இருந்தது. முழு நூலும் எப்போது முடியும் என்னும் மலைப்புக்கு அவர் இடங்கொடுக்கவில்லை.

அச்சிடத் தொடங்கிய பின் பணத்தட்டுப்பாடு வந்தது. கையொப்பம் இட்டவர்களிடம் முன்பணம் பெற்றும் கடன் வாங்கியும் தாளுக்கும் அச்சுக்கும் கொடுத்தார். கல்லூரி விடுமுறை வந்ததும் சுவடிகளோடு இரயிலேறிச் சென்னைக்கு வந்துவிடுவார். விழுப்புரம், செங்கற்பட்டு, தாம்பரம் வழியாக எழும்பூரை அடையும் அந்த இருப்புப்பாதையில்தான் நம் வாசகர் பலர் இன்றும் நாள்தோறும் பயணம் செய்கின்றனர். விடுமுறை என்பது ஓய்வுக்கு உரியது என்று நாம் எண்ணுகிறோம். ஐயருக்கோ அது, நின்ற இடத்திலிருந்து அச்சு வேலையை மேலே நகர்த்தும் காலமாக இருந்தது.

நூல் வெளிவந்ததும் பாராட்டோடு பழியும் வந்தது. சைவராகிய ஒருவர் ஜைன நூலைப் பதிப்பிக்கலாமா என்று சிலர் சினந்தனர். பதிப்பில் பிழைகள் மலிந்தன என்று துண்டுப் பிரசுரங்களை வெளியிட்டுப் பரப்பினர் வேறு சிலர். ஐயரின் மனம் புண்பட்டது. மறுப்பு எழுதவும் முற்பட்டார். கல்லூரியில் உடன் பணியாற்றிய சாது சேஷையர், கண்டனத்துக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று காலம் வீணாகும். அக்காலத்தில் இன்னொரு நூலைப் பதிப்பிக்கலாம் என்று அறிவுறுத்தினார். ஐயர் அதை ஏற்றுப் பத்துப்பாட்டுப் பதிப்பில் ஈடுபட்டார். சினத்தோடு செய்யும் வேலையும் வேலைபோலவே தோன்றும். எனினும் உரிய கடமையை ஒத்திவைக்கும் வழிகளுள் அதுவும் ஒன்று. நாள் முழுதும் ஓயாது இயங்கிவிட்டு முதன்மையான பணியைத் தொடாது உறங்கச் செல்லும் நமக்கு இது நல்ல பாடம்.

சிந்தாமணி உரையில் நச்சினார்க்கினியர் பெயர் சுட்டாது எடுத்துக்காட்டிய பழம்பாடல் அடிகள் எந்நூலுக்கு உரியவை என்று தேடிச் சென்றபோதுதான் சங்க நூல்களின் ஏடுகள் ஐயருக்குத் தென்பட்டன. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை, 1903இல் ஐங்குறுநூறு, 1904இல் பதிற்றுப்பத்து என அவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ஐயரைப் பொறுத்த வரையில் சங்கத் தமிழ்க் கருவூலத்தைத் திறந்த திறவுகோல் ஒரு சமண காவியமே என்பது நாம் பெருமிதத்தோடு நினைக்கத்தக்கது.

கைநழுவிய வளையாபதி

இத்தகைய உழைப்பாளர் வாழ்விலும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. அதுவும் ஒரு சமண காவியத்தைப் பற்றியதே.

பிள்ளையவர்களிடம் மாணவராக இருந்த காலத்தில், திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் வளையாபதி என்னும் ஏட்டுச் சுவடியை ஐயர் கண்ணால் கண்டிருக்கிறார். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய அந்நூல் அப்போது கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. ஆனால் பழைய காவியங்களின்மீது அவருக்கு அந்நாளில் பற்று உண்டாகவில்லை. ஆசிரியரும் புராணங்களையும் பிரபந்தங்களையும் பாடம் சொல்வதில் ஆழ்ந்திருந்தார். எடுத்துப் பார்க்கவோ பெயர்த்தெழுதவோ வேளை வரவில்லை. பிற்காலத்தில் அதன் அருமையை உணர்ந்து மடத்தில் தேடியபோது அச்சுவடி இல்லை. தமிழ்நாடு முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றில் இதனை அவரே மிக்க வருத்தத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

இன்று வளையாபதியில் எஞ்சியிருப்பவை, புறத்திரட்டிலும் பழைய உரைகளிலும் எடுத்தாளப்பட்ட ஏறத்தாழ எழுபது செய்யுட்களே. காவியத் தலைவன் கதை இன்னது என்று நூலைக் கொண்டு துணிய வழியில்லை. நம் முன்னோர் ஒருவர் பாடிய பெருங்காப்பியம், அச்சு இயந்திரம் வந்து சேர்ந்த காலத்துக்கு மிக அருகில் வரை உயிரோடு இருந்து, பின் மறைந்துவிட்டது. திருடரோ தீயோ பகைவரோ அதனை அழித்ததாகத் தெரியவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் விட்டுவிட்ட காலமே அதனை விழுங்கிற்று.

இவ்வாறு அழிந்தவை இன்னும் பல. திருநெல்வேலிப் பக்கத்தில் ஐயர் சுவடி தேடிச் சென்றபோது, பழைய ஏடுகளை ஆடிப் பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்டதாகச் சொன்ன வீட்டாரைக் கண்டார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழுதுபட்ட சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகக் கூறக் கேட்டு உள்ளம் நொந்தார். சமண நூலாகிய பெருங்கதையை அவர் 1924இல் பதிப்பித்தபோது, அதன் முதலும் இறுதியும் கிடைக்கவில்லை. கிடைத்த பகுதியையே வெளியிட்டார். முழுமையாகக் கிடைத்த பிறகு வெளியிடலாம் என்று அவர் காத்திருந்தால், கிடைத்த பகுதியும் வளையாபதியின் வழியே போயிருக்கக்கூடும்.

நாம் ஒத்திவைக்கும்போது, வேலை அங்கேயே நமக்காகக் காத்திருக்கும் என்று எண்ணுகிறோம். சில வேலைகள் காத்திருக்கும். ஓலையும் முதியோரின் நினைவும் காத்திருப்பதில்லை.

முதுமையிலும் ஓயாத கை

1903இல் ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்தார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் பெற்றார். 1919இல் ஓய்வு பெற்ற பின்னும் திருவல்லிக்கேணி இல்லத்தில் ஏட்டுப் பணி தொடர்ந்தது. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. தம் ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார். குறுந்தொகையைத் தம் உரையுடன் 1937இல் பதிப்பித்தபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு. ஓய்வு பெற்ற பிறகு செய்யலாம் என்று நாம் ஒதுக்கிவைக்கும் காலத்தில் அவர் தாம் முன்பே தொடங்கியவற்றை முடித்துக்கொண்டிருந்தார். இளமையில் தொடங்காதவருக்கு ஓய்வுக்காலம் புதிய ஆற்றலைத் தந்துவிடுவதில்லை.

1940ஆம் ஆண்டு தொடக்கம் முதல் ஆனந்த விகடன் வார இதழில் தம் வரலாற்றை எழுதிவந்தார். 1942இல் உலகப் போரின் அச்சத்தால் சென்னை மக்கள் நகரை விட்டு வெளியேறியபோது, அவரும் குடும்பத்தாரும் தாம்பரத்துக்குத் தெற்கே செங்கற்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றத்துக்குச் சென்று தங்கினர். அங்கே அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஐயர் உயிர் நீத்தார். வரலாறு மணிமேகலைப் பதிப்புக் காலத்தை ஒட்டிய பகுதியோடு, 122 அத்தியாயங்களில் நின்றுபோயிற்று. நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட வாழ்க்கை எழுதப்படாமல் போனது. முடியவில்லை என்பதற்காக அந்நூலின் பெருமை குறைந்ததில்லை. எண்பத்தைந்து வயதில் இனி எங்கே முடிக்கப்போகிறோம் என்று அவர் தொடங்காமல் இருந்திருந்தால், மேலே நாம் சொன்ன செய்திகளுள் பெரும்பாலானவை நமக்குக் கிடைத்திரா.

மறுஆண்டே, 1943இல், ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அடையாற்றில் ஐயர் பெயரால் நூல்நிலையம் நிறுவப்பட்டு, அவர் தேடித் தொகுத்த சுவடிகளும் நூல்களும் அங்கே சேர்க்கப்பட்டன. பின்னர் அது பெசன்ட் நகருக்குப் பெயர்ந்தது. தென்சென்னைப் புறநகர்களில் வாழும் நமக்கு அது தொலைவான இடமன்று. பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்வது நற்பயன் தரும்.

நாம் செய்யத்தக்கது

ஆனி மாதத்தை ஒட்டி வரும் சுருத பஞ்சமியன்று நாம் சாத்திரங்களைத் துடைத்து, புதுத்துணி சுற்றி, பூசை செய்கிறோம். அந்நாளின் வரலாறும் காலம் தாழ்த்தாமையின் வரலாறே. கிரிநகரக் குகையில் தவமிருந்த தரசேனாசாரியர், தம்மோடு சுருத ஞானம் மறைந்துவிடுமோ என்று கருதி, தென்னாட்டு முனிவர் குழுவுக்குச் செய்தி அனுப்பினார். புட்பதந்தர், பூதபலி என்னும் இருவர் வந்து கற்றனர். கற்றபின் பூதபலி முனிவர் திராவிட நாட்டுக்கு வந்தார். புட்பதந்தர் சூத்திரங்களின் முற்பகுதியை இயற்றி அவருக்கு அனுப்பினார். புட்பதந்தரின் ஆயுள் இன்னும் சிறிதே உள்ளது என்று உணர்ந்த பூதபலி, எஞ்சிய பகுதியைத் தாமே இயற்றிச் சட்கண்டாகமத்தை நிறைவு செய்தார். நிறைவுற்ற நூலுக்குச் சங்கத்தார் பூசை செய்த நாளே சுருத பஞ்சமி. மூவரும் வாழ்நாளின் எல்லையை உணர்ந்து செயலாற்றியதனால் ஆகமம் நமக்கு எஞ்சிற்று.

ஐயரின் வாழ்விலிருந்து நாம் கைக்கொள்ளத்தக்கவை எளியவை. வேலை பெரிதாயின் இன்றைய பகுதி இவ்வளவு என்று சிறிதாக வரையறுத்துக்கொள்ளுதல் முதலாவது. ஸ்வாத்தியாயத்துக்கு ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை எனின், இரவு உணவுக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு பக்கம் படிக்கலாம். பகல் முடியுமுன் உண்ணும் நியமம் உடையவர்களுக்கு அந்தி நேரம் இதற்கு மிக ஏற்றது. தெரியாததை அன்றே தெரிந்தவரிடம் கேட்டல் இரண்டாவது. வீண் வாதங்களுக்கு இரையாகும் காலத்தை மீட்டல் மூன்றாவது. முழுமை வாய்க்கும் வரை காத்திராது, கிடைத்ததைக் கொண்டு தொடங்குதல் நான்காவது.

இவற்றை முதலில் நம் பரணிலேயே தொடங்கலாம். ஊரில் உள்ள வீட்டில் ஏடோ பழைய கையெழுத்துப் புத்தகமோ இருப்பின், அதை இறக்கி நிழலில் வைத்து மெல்லத் தூசி நீக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட ஓலைகளை வலிந்து பிரிக்கலாகாது. எத்தனை ஓலைகள், முதல் ஓலையிலும் இறுதி ஓலையிலும் படிக்கக்கூடியது என்ன, யாரிடமிருந்து வந்தது என்னும் செய்திகளை ஒரு தாளில் எழுதிவைக்கலாம். கைப்பேசியிலேயே படம் எடுத்து வைக்கலாம். பிறகு சுவடிப் பாதுகாப்பு அறிந்த நிறுவனத்தின் உதவியை நாடலாம். ஏடு இல்லாத வீடுகளிலும் முதியோர் இருக்கின்றனர். நோன்புக் கதைகளையும், தாலாட்டையும், ஊர் ஜினாலயத்தின் பழஞ்செய்திகளையும் அவர்கள் வாயிலாகக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

வரும் சுருத பஞ்சமியை இதற்குத் தவணையாக வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணலாம். நல்ல நாளுக்காகக் காத்திருப்பதும் பிரமாதத்தின் இன்னொரு முகமே. பஞ்சமி வரும்போது பூசையில் வைப்பதற்குப் பட்டியல் ஆயத்தமாக இருக்க வேண்டுமெனில், ஊரில் இருக்கும் உறவினருக்கு இன்று இரவே தொலைபேசியில் பேசிப் பரணில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுவதே முறை. திருவாவடுதுறைப் புத்தகசாலையில் ஒருகால் இருந்த வளையாபதி இனி நமக்குக் கிடைக்குமோ அறியோம். நம் வீட்டுப் பரணில் இருப்பது அவ்வாறு போகாமல் காப்பது நம் கையில் உள்ளது.